படத்துக்குப் பின்னால் இருந்த முடிச்சு

சுருவில்
16.11.1930

சேசு மரி சூசை துணை

அன்புள்ள தங்கச்சி ஞானசவுந்தரிக்கு,

நான் இருக்கிறேன். மாரி தொடங்கியதால் முழங்கால் மட்டும் முறைப்பாடு சொல்கிறது. உன் ஆஸ்பத்திரி வார்டில் வேலை கொஞ்சமாவது குறைந்ததா? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

உன் சின்னண்ணன் அம்புறோஸ் போன கிழமை மலாயாவிலிருந்து வந்து சேர்ந்தான். றெயில்வேயில் ஆள் குறைத்தபோது இவனையும் நிறுத்திவிட்டார்களாம். பதினெட்டு வருடத்துக்குப் பிறகு பார்க்கிறேன். சட்டை நடந்து வருகிறது, உள்ளே ஆளைக் காணவில்லை. தோணியால் இறங்கியதும், "ரீச்சர், பள்ளிக்கூடத்தை விட்டிட்டியளாம். பிரம்பையும் விட்டிட்டியளோ?" என்று கேட்டான். அந்தப் பகிடி ஒன்றுதான் பழைய அம்புறோஸ்.

அவனுடைய பெட்டி ஊர்காவற்றுறையில் தங்கி இரண்டு நாள் பிந்தி வந்தது. அந்த இரண்டு நாளும் அவன் பட்ட பாட்டை எழுத முடியாது. ஓயாத கொட்டாவி, மூக்கால் தண்ணீர், உரித்த கோழி போல உடம்பெல்லாம் புல்லரிப்பு, வயிற்றுப்போக்கு. கால் இரண்டையும் சுவரில் அடித்தான். நான் மலேரியா என்று நினைத்துக் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். பெட்டி வந்தது. அதைத் திறந்த அரை மணித்தியாலத்தில் காய்ச்சலும் இல்லை, நோயும் இல்லை, என்னோடிருந்து சோறு சாப்பிட்டான்.

முப்பது வருடம் பிள்ளைகளின் பொய் பார்த்தவள் நான். "பெட்டிக்குள்ளே என்ன?" என்று கேட்டேன். ஒளிக்கவில்லை. ஒரு சிகரெட் ரின்னின் தகர மூடியைத் திறந்து காட்டினான். கறுப்பாய், காய்ந்த பனங்கட்டிப் பாணி போல இருந்தது. அபின். அங்கே மூச்சிழுப்புக்கு மருந்தென்று ஒருவன் கொடுத்ததாம், பத்து வருடமாகிறதாம். "விட வேணும் எண்டுதான் வந்தனான் அக்கா. தனிய ஏலாது" என்கிறான்.

ரின்னைக் கிணற்றடியில் புதைத்துவிடவா? இங்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள், பேந்து ஊர் விதானையாரும் பொலிசோடு வந்து கேட்பார். நீ சொன்னபடி செய்கிறேன்.

உன் அக்கா
சூசையம்மா


கொழும்பு
27.11.1930

அன்புள்ள அக்காவுக்கு,

சருவேசுரன் தயவால் நடமாடுகிறேன். உங்கள் முழங்காலுக்கு இரவில் சுடுதண்ணீர் ஒற்றுங்கள்.

புதைக்க வேண்டாம். காற்றில் ஓடுகிற தோணியில் பாயை ஒரேயடியாய் அறுத்துவிட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சுருக்கிச் சுருக்கித்தான் இறக்க வேண்டும். சின்னண்ணனுடைய நெஞ்சு பலமில்லாதது. திடீரென்று நிறுத்தினால் உயிருக்கு மோசம் வரலாம்.

செய்ய வேண்டியதை எழுதுகிறேன்.

அவன் ஒரு நாளைக்கு எடுக்கிற அளவை நிறுத்துக் குண்டுமணிக் கணக்கில் எழுதுங்கள். அதைக் காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்றாக உருட்டுங்கள். எட்டு நாளைக்கு ஒருமுறை நாள் அளவில் அரைக் குண்டுமணி குறையுங்கள். குறைகிற இடத்தைப் பனங்கட்டித் தூளால் நிரப்பினால் மாத்திரை சிறுக்காது. கைக்குச் சிறுத்தால் மனமும் சிறுக்கும்.

ரின் உங்களிடமே இருக்க வேண்டும். எறியக் கூடாது. அவன் கையில் கொடுக்கவும் கூடாது.

குறைத்த முதல் இரண்டு நாளும் கால் உளைவு வரும். நல்லெண்ணெய் சூடாக்கித் தேயுங்கள். வயிறு போனால் உப்புக் கஞ்சி. கோபித்தால் பேசாதிருங்கள். அழுதால் அழ விடுங்கள். இதற்குமேல் எங்களிடமும் மருந்தில்லை, அக்கா. பக்கத்தில் இருப்பதுதான் வேலை.

அவனிடம் நான் கோபமில்லை என்று சொல்லுங்கள்.

தங்கச்சி
ஞானம்


சுருவில்
21.12.1930

அன்புள்ள ஞானத்துக்கு,

நாங்கள் இருவரும் உயிரோடிருக்கிறோம், வீடு ஒழுகவில்லை. நீ நித்திரை கொள்கிறாயா?

அமலோற்பவத் திருநாள் அன்று, எட்டாம் திகதி, தொடங்கினேன். நகை செய்கிறவரிடம் சின்னத் தராசு இரவல் வாங்கினேன். "ரீச்சர் இந்த வயதில் சங்கிலி செய்யப் போறாவோ?" என்று அவர் கேட்டார். ஓம் என்றேன். நான் சொன்ன பொய்களில் அது சின்னது.

ஒரு நாளைக்கு ஆறு குண்டுமணி நிறை. காலை மூன்று, மாலை மூன்று. அரைக் குண்டுமணிக்கு இரண்டு நெல்லைத் தட்டில் வைக்கிறேன். மாத்திரையை விழுங்கும்வரை முன்னால் நிற்கிறேன். "பள்ளிக்கூடத்தில் பால் குடுக்கிற மாதிரி நிக்கிறியள்" என்கிறான்.

முதல் நாள் உருட்டிய இரண்டையும் அடுத்த நாள் காலையில் திருப்பித் தந்தான். விழுங்கவில்லை, கன்னத்தில் ஒதுக்கி வைத்துப் பிறகு எடுத்திருக்கிறான். சட்டைத் தையலுக்குள் கொஞ்சம் ஒளித்து வைத்திருந்தானாம், அது முடிந்ததும் வெட்கம் வந்துவிட்டது. பிழையைத் தானாக வந்து சொன்ன பிள்ளைக்கு நான் ஒருநாளும் அடித்ததில்லை. அந்த இரண்டு மாத்திரையையும் ரின்னில் போட்டு அலுமாரியில் பூட்டினேன்.

அளவு குறைந்த நாளில் பின்னேரம் முழுக்க அவன் காலைத் தேய்த்தேன். கைவிரல் மடங்கவில்லை. ஒன்று சொல்லட்டுமா? ஒரு வகுப்பில் நாற்பது பேரை மேய்ப்பது சுகம். மணி அடித்தால் போய்விடுவார்கள்.

நத்தாருக்குப் பாலன் பிறப்புப் பூசையில் உன்னை நினைப்போம்.

அக்கா


கொழும்பு
18.1.1931

அன்புள்ள அக்காவுக்கு,

பிந்தி எழுதுகிறேன், மன்னியுங்கள். எங்கள் வார்டில் இரண்டு பேர் நோயாய் நின்றுவிட்டார்கள். அவர்கள் வேலையும் என்னிடம். கால் வீங்குகிறது, வேறு குறை இல்லை.

நீங்கள் செய்வது மிகச் சரி. எங்கள் பெரிய நேர்ஸிடம் பெயர் சொல்லாமல் சொன்னேன். "அந்த மனுஷி இங்கே வேலைக்கு வருவாவா?" என்று கேட்டார்.

ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம் யாரையாவது வைத்துவிட்டு வெளியே போங்கள். பக்கத்து வீட்டு யாகப்பு அண்ணை வருவார். பராமரிக்கிறவர் விழுந்தால் கட்டிலில் இரண்டு பேர்.

வேறு எழுத நேரமில்லை.

ஞானம்


சுருவில்
22.2.1931

சேசு மரி சூசை துணை

அன்புள்ள ஞானத்துக்கு,

நான் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. நீ சுகமாயிரு.

எல்லாம் ஒழுங்காய் வந்தது. ஒன்றரைக் குண்டுமணி வரை இறங்கிவிட்டோம். விபூதிப் புதனன்று அவன் கோயிலுக்குப் போனான், பதினெட்டு வருடத்தில் முதல் தடவை. நெற்றியில் சாம்பலோடு வந்து, "அக்கா, இந்தத் தபசுகாலத்துக்கு என்ரை ஒறுத்தல் இதுதான். இனி ஒண்டும் வேண்டாம். பாஸ்கு, உயிர்த்த ஞாயிறு வரைக்கும் தொடமாட்டன் எண்டு சிலுவையிலை பாடுபட்டவருக்கு முன்னாலை சொல்லிப்போட்டன்" என்றான்.

சுருக்கிச் சுருக்கி என்று நீ எழுதியதைச் சொன்னேன். "ஞானத்தின்ரை கணக்கு வேறை, இது வேறை" என்றான். சத்தியம் செய்தவனை உடை என்று எப்படிச் சொல்வேன்?

எங்கள் ஐயா ஒவ்வொரு தபசுகாலமும் சுருட்டை வெள்ளைத் துணியில் முடிந்து இருதயநாதர் படத்துக்குப் பின்னால் வைப்பாரே, நினைவிருக்கிறதா? அதேபோல வைக்க வேண்டுமாம். ரின்னில் மிஞ்சி இருந்ததை எனக்கு முன்னால் கிணற்றடியில் தண்ணீர் ஊற்றிக் கரைத்தான். முதல் நாள் விழுங்காமல் திருப்பித் தந்த அந்த இரண்டு முழு மாத்திரையையும் துணியில் முடிந்து படத்துக்குப் பின்னால் வைத்தான். "முடிச்சு இல்லாட்டில் ஒறுத்தல் இல்லை. இல்லாத சாமானை விட்டனெண்டால் கடவுள் சிரிப்பார்" என்கிறான்.

இன்று ஐந்தாம் நாள். வாந்தி. போர்த்தினால் வேர்க்கிறது, எடுத்தால் நடுங்குகிறது. யாகப்பு அண்ணையும் நானும் மாறி மாறி இருக்கிறோம். ஒருமுறை என்னை அடிக்கக் கை ஓங்கினான். பிறகு அந்தக் கையைக் கடித்துக்கொண்டு அழுதான். அவன் கண் படத்தை விட்டு எடுபடவில்லை, ஆனால் எழும்பிப் போகவில்லை.

நான் என்ன செய்ய?

அக்கா


கொழும்பு
28.2.1931

அக்கா,

கடிதம் கிடைத்த உடனே எழுதுகிறேன். இதைப் பார்க்கும்போது பத்து நாள் தாண்டியிருக்கும். தாண்டியிருந்தால் மோசமானது போய்விட்டது. தண்ணீர், உப்புக் கஞ்சி, இளநீர், கேட்காவிட்டாலும் கரண்டியால் கொடுங்கள்.

முடிச்சை இப்போது எறிய வேண்டாம். நாடி விழுந்து மயங்கினால், ஒரு மாத்திரையைக் கால்வாசி கிள்ளிக் கொடுக்க வேண்டி வரலாம். ஒறுத்தல் உடைந்தால் பாவம் என் தலையில்.

உடனே பதில் போடுங்கள்.

ஞானம்


சுருவில்
15.3.1931

அன்புள்ள ஞானத்துக்கு,

இப்போது சுகம் என்று எழுதலாம். உன் கால் வீக்கம் வடிந்ததா? உன் கடிதத்தில் எழுத்துக் கோணியிருந்தது.

ஒன்பதாம் நாள் காலையில் "பசிக்குது" என்றான். நான் குசினி அடுப்படியில் போய் நின்று அழுதேன். இப்போது யாகப்பு அண்ணையோடு கரையிலிருந்து கிழிந்த வலை பொத்துகிறான். இருபத்தைந்து நாள் ஒன்றும் எடுக்கவில்லை. இழுப்பும் நித்திரைக் குறைவும் இருக்கிறது. விடிய முன்னமே எழும்பி முற்றத்தில் நடக்கிறான். ஆனால் முகத்தில் ஆள் வந்துவிட்டது. நேற்று மீன் விற்கிற சின்னக்குட்டியிடம், "எங்கடை ரீச்சர் என்னைப் புதுசாய் அரிவரி வகுப்பிலை சேர்த்திருக்கிறா" என்று சொல்லிச் சிரிக்கிறான்.

ஒன்று கேட்க வேண்டும். முடிச்சு படத்துக்குப் பின்னால் அப்படியே இருக்கிறது. நீ சொன்னதால் எறியவில்லை. அவன் பாஸ்குவுக்கு எத்தனை நாள் என்று எண்ணுகிறான். ஐயா உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் முடிச்சை அவிழ்த்து முதல் சுருட்டைப் பற்ற வைப்பார், நாங்கள் சுற்றி நின்று பார்ப்போம். அது உனக்கும் தெரியும். "அண்டைக்கு ஒருநாள் மட்டும் அக்கா, பேந்து வாழ்நாளுக்கும் இல்லை" என்று பகிடி போலச் சொன்னான். பகிடியோ தெரியவில்லை.

ஒருநாள் எடுத்தால் திரும்ப அந்தப் பழக்கம் பிடித்துவிடுமா? அது ஒன்றுதான் எனக்குப் பயம். பாஸ்குவுக்கு முந்தி எழுது.

அக்கா


சுருவில்
9.4.1931

அன்புள்ள ஞானத்துக்கு,

தந்தி கிடைத்திருக்கும். உனக்கு லீவு தரவில்லை என்று உன் தந்தியில் கண்டேன். கவலைப்படாதே, வந்தாலும் முகம் பார்த்திருக்க மாட்டாய். திங்கட்கிழமை காலையில் அடக்கம் செய்தோம்.

உயிர்த்த ஞாயிறன்று பூசை கண்டு நற்கருணை எடுத்தான். வந்து இடியப்பமும் சொதியும் சாப்பிட்டான். பிறகு படுத்தான். மத்தியானம் நித்திரையிலேயே போய்விட்டான். சுவாமியார் வந்து அவஸ்தைப் பூசுதல் கொடுத்தார். முகத்தில் நோவு இல்லை. யாகப்பு அண்ணை சட்டை போட்டுவிட்டார்.

நெஞ்சு பலமில்லாதவன் என்று நீயே எழுதியிருந்தாய்.

நீ உடம்பைப் பார்.

அக்கா


கொழும்பு
19.4.1931

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பல தடவை வாசித்தேன். நீங்கள் சாப்பிடுகிறீர்களா? யாராவது வந்து படுக்கிறார்களா?

ஒன்று மட்டும் கேட்கிறேன். விருப்பமில்லாவிட்டால் பதில் வேண்டாம். படத்துக்குப் பின்னால் முடிச்சு இருக்கிறதா?

ஞானம்


சுருவில்
28.6.1931

அன்புள்ள ஞானத்துக்கு,

பத்துக் கிழமையாய்ப் பதில் போடவில்லை. உன் கடிதமும் அதன்பின் நீ போட்ட இரண்டு தபாலட்டையும் வந்தன. நான் சுகம், நீயும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன்.

முடிச்சு இல்லை. துணி இருக்கிறது.

நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அவன் எட்டி எடுக்கவில்லை. சாப்பிட்டுவிட்டுக் கதிரையில் இருந்து, "அக்கா, எல்லாரும் முடிச்சைத் திறக்கினம். அங்காலை யாகப்பண்ணை புகையிலையைத் திறந்திட்டார். எனக்கும் தாங்கோ" என்றான். உன் கடிதம் வரவில்லை. வராததால், ஆபத்தென்றால் நீ எழுதியிருப்பாய் என்று எண்ணினேன். பழைய அளவுதானே, வருடக்கணக்கில் தாங்கியதுதானே, ஒருநாள் எடுத்தால் என்ன ஆகப் போகிறது? பழக்கம் திரும்பினால் தராசு இருக்கிறது, முதலிலிருந்து தொடங்கலாம். இப்படித்தான் கணக்குப் போட்டேன். இரண்டையும் விழுங்கினான்.

அரை மணித்தியாலத்தில் கண் செருகியது. ஆறு கிழமை நித்திரை இல்லாதவன், ஞானம். குறட்டை கேட்க எனக்குச் சந்தோஷமாயிருந்தது. யாகப்பு அண்ணை வந்து கரைக்குக் கூப்பிட்டார். "உறங்கட்டும், எழுப்பாதையுங்கோ" என்று நான்தான் திருப்பி அனுப்பினேன். குறட்டை விட்டு விட்டு வந்தது. மத்தியானம் போர்வையைச் சரிசெய்யப் போனேன். உதடு நாவற்பழம் தின்ற பிள்ளையின் உதடு போல இருந்தது.

பள்ளிக்கூடத்தில் கூட்டலைக் கற்பித்துவிட்டுக் கழித்தலைத் தனியாகக் கற்பிப்போம். இறங்கிய படியாலேயே ஏறலாம் என்று எந்தப் பிள்ளையும் நினைக்கும். நானும் நினைத்தேன்.

போன கிழமை நெடுந்தீவிலிருந்து மரியமுத்து என்று ஒருத்தி வந்தாள். அவள் புருஷன் பிலிப்பு சிங்கப்பூரிலிருந்து இதே நோயோடு வந்திருக்கிறான். நான் மாத்திரை உருட்டிக் குறைத்ததைச் சின்னக்குட்டி சொல்லியிருக்கிறாள். எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிப் படலையைச் சாத்திவிட்டேன். அவள் வெயிலில் கனநேரம் நின்றுவிட்டுப் போனாள்.

அக்கா


கொழும்பு
12.7.1931

அன்புள்ள அக்காவுக்கு,

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். முதலில் அதை வாசியுங்கள். அது மார்ச் 30, பெரிய கிழமைத் திங்களன்று எழுதியது.

உங்கள் பங்குனிக் கடிதம் வேளைக்கே கிடைத்துவிட்டது. பாஸ்குவுக்கு முந்தி எழுத நாள் இருக்கிறதே என்று தள்ளினேன். திங்கள் வேலை முடிந்து வந்து எழுதத் தொடங்கினேன். மேசையிலேயே நித்திரையாகிவிட்டேன். காலையில் தாளை ஏப்ரன் பொக்கற்றில் வைத்தேன், மத்தியானம் முடித்துப் போடலாம் என்று. அன்று மூன்று பேர் புதிதாய் வந்தார்கள். அடுத்த நாளும் அப்படியே. உங்கள் தந்தி வந்த பிறகுதான் பொக்கற்றில் கை வைத்தேன்.

தெரியாமல் விட்டதல்ல, அக்கா. இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் வார்டிலிருந்து அபின் நிறுத்திச் சுகமாய்ப் போன ஒருவர் மூன்றாம் நாள் அப்படித்தான் திரும்பி வந்தார். நான்தான் முகத்தை மூடினேன். ஐயாவின் முடிச்சு எப்போது அவிழும் என்பதும் எனக்குத் தெரியும். நீங்கள் கேட்காத வேறொருவருக்கு இது தெரியாமல் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியும், நீங்கள் என்னைக் கேட்டீர்கள்.

களைப்பு என்று சொன்னால் உண்மைதான். அது போதாது.

ஞானம்

(உள்ளே இருந்த தாள்)

30.3.1931

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் பயப்படுவதற்குப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது வேறு. நிறுத்திய உடம்பு பழைய உடம்பல்ல. முன்பு தாங்கிய அளவை இப்போது தாங்காது, மூச்சு நின்றுவிடும். ஆகையால் முடிச்சை இன்றைக்கே கடலில் போடுங்கள், வெறும் துணியை முடிந்து வையுங்கள், அவனுக்கும் காரணத்தைச் சொல்லுங்கள். ஒளித்து எங்கேயாவது எடுத்துவிட்டால் உறங்க விடாதீர்கள். குறட்டை விட்டு விட்டு வந்தால், உதடு நீலம் பாரித்தால், எழுப்பி நடத்துங்கள். கடும் கோப்பி கொடுங்கள். விதானையாருக்குப் பயப்படாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு


சுருவில்
9.8.1931

சேசு மரி சூசை துணை

அன்புள்ள ஞானத்துக்கு,

நான் சுகம். முழங்கால் வெயிலுக்கு அடங்கியிருக்கிறது. நீ சுகமா? கால் வீக்கத்தைப் பற்றி நீ எழுதுவதையே விட்டுவிட்டாய்.

உன் தாளை வாசித்தேன். வாசித்து வைத்துவிட்டு, உனக்கு இனி எழுதுவதில்லை என்று மூன்று நாள் இருந்தேன். நாலாம் நாள் மரியமுத்து திரும்ப வந்தாள். இந்தமுறை படலைக்கு வெளியே இருந்துகொண்டு, "ரீச்சர், நீங்கள் சொல்ல வேண்டாம். நான் செய்யிறதைச் சொல்லுறன், பிழையெண்டால் தலையை ஆட்டுங்கோ" என்றாள். கண்ணளவில் கிள்ளிக் கொடுக்கிறாளாம். தலையை ஆட்டாமல் இருக்க முடியவில்லை. உள்ளே கூப்பிட்டேன்.

தராசை நகை செய்கிறவரிடம் மறுபடி இரவல் வாங்கினேன். "சங்கிலி முடியேல்லையோ?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

கார்த்திகையில் நீ எழுதியனுப்பியதை ஒரு கொப்பித் தாளின் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். மற்றப் பக்கத்தில் உன்னுடைய அந்தத் தாளைப் பார்த்து எழுதினேன். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு" என்பதோடு நீ நிறுத்தியிருந்தாய். "போங்கள்" என்பதை நான் போட்டேன். அவளுக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். இரண்டு பக்கத்தையும் மனப்பாடம் ஆகுமட்டும் சொல்ல வைத்தேன். இரண்டாம் பக்கத்தை மட்டும் ஏழு தடவை.

போகும்போது, "இதை ஆர் ரீச்சர் எழுதினது?" என்று கேட்டாள்.

"கொழும்பிலை நேர்ஸாய் இருக்கிற என்ரை தங்கச்சி" என்றேன்.

"நல்ல மனுஷி. வேளைக்கே எல்லாம் எழுதி வைச்சிருக்கிறா" என்றாள்.

ஓம் என்றேன். உன் தாளில் இருந்த திகதியை மட்டும் நான் எழுதிக் கொடுக்கவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. லீவு கிடைத்தால் வா.

உன் அக்கா
சூசையம்மா